வான்வழிப் பயணமும் முதலுதவியும்

நோய் காலமும் இடமும் பார்த்து வருவதன்று. நிலத்தில் ஒருவர் மயங்கி வீழ்ந்தால் அயலவர் ஓடிவருவர். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் வழியுண்டு. முப்பத்தையாயிரம் அடி உயரத்திற் செல்லும் ஆகாய விமானத்தில் அவ்வாறு நேரின், அவருக்கு உதவக்கூடியவர் அவ்விமானத்தில் இருப்பவரேயன்றிப் பிறரல்லர். இக்காரணத்தால் விமானத்தில் முதலுதவி என்பது தனித்து ஆராயத்தக்க பொருளாகின்றது.

இவ்வுண்மை விமானப் பயணத்தின் தொடக்கக் காலத்திலேயே உணரப்பட்டது. 1930ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவில் ஓக்லாந்திலிருந்து சிக்காகோ சென்ற விமானத்தில் முதல் விமானப் பணிப்பெண்ணாகக் கடமையேற்ற எல்லன் சேர்ச் என்பார் பயிற்சிபெற்ற தாதியாவர். அவருடன் சேர்க்கப்பட்ட ஏனைய எழுவரும் தாதியரே. இன்று பணியாளர் தாதியராயிருத்தல் வேண்டுமென்ற நியதி இல்லை. எனினும் முதலுதவிப் பயிற்சி அவர்க்கு இன்றியமையாததாகவே உள்ளது.

இனி, விமானத்தினுள் உடல் அடையும் மாற்றம் யாதெனக் காண்போம். பறக்கும்போது உள்ளே காற்று அமுக்கி நிரப்பப்படுகின்றது. ஆயினும் கடல் மட்டத்து அமுக்கம் அங்கு இராது. பெரும்பாலும் 6,000 முதல் 8,000 அடி வரை உயர்ந்த மலையிலுள்ள அமுக்கமே இருக்கும். அதாவது நுவரெலியாவுக்கும் பிதுருதலாகலைச் சிகரத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருப்பது போன்றதாகும். 8,000 அடியில் அமுக்கம் ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைவு. அதனால் இரத்தத்திற் சேரும் ஒட்சிசனும் குறைகின்றது. நலமுடையோர் இதனைப் பொறுப்பர். இதய நோயும் நுரையீரல் நோயும் உடையோர் துன்புறக்கூடும். மேலும், அமுக்கம் குறையக் காற்று விரியுமென்பது பௌதிக விதி. உடலினுள் அடைபட்ட காற்றுக்கும் இவ்விதி பொருந்தும்.

1995ஆம் ஆண்டு மே மாதம் ஹொங்கொங்கிலிருந்து இலண்டன் சென்ற விமானத்தில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்த பெண்ணொருத்தி, விமானம் மேலெழுந்தபின் மூச்சுவிட இயலாது தவித்தாள். விலா எலும்பு முறிந்தமையால் நெஞ்சறையிற் புகுந்த காற்று நுரையீரலை நெருக்கியது. அவ்விமானத்திற் பயணஞ்செய்த சத்திரசிகிச்சைப் பேராசிரியர் அங்கஸ் வொலஸ், மற்றொரு வைத்தியரின் துணையுடன் சிகிச்சையை மேற்கொண்டார். உடை மாட்டும் கம்பியைப் பிராந்தியாற் சுத்தஞ்செய்து, அதன் உதவியால் மருந்துப் பெட்டியிலிருந்த சிறுநீர்க் குழாயை நெஞ்சறையுட் செலுத்தினார். வெளிவந்த காற்று திரும்பிச் செல்லாதவாறு நீர்ப்போத்தல் ஒன்று தடுத்தது. அப்பெண் உயிர் பிழைத்தாள்.

இந்நிகழ்ச்சி வியப்புக்குரியதே. ஆயின் விமானந்தோறும் சத்திர வைத்தியர் இருப்பாரென நம்பியிருத்தல் தகாது. 2008 முதல் 2010 வரை ஐந்து விமான நிறுவனங்களின் விமானங்களில் நேர்ந்த 11,920 நிகழ்ச்சிகளை ஆராய்ந்த கட்டுரையொன்று 2013இல் அமெரிக்க வைத்திய சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அதன்படி, 604 பயணங்களுக்கு ஒன்றில் நோயுற்றோர்க்கு உதவி வேண்டியிருந்தது. அவற்றுள் நூற்றுக்கு முப்பத்தேழு மயக்கமும் மயக்க உணர்வுமே. சுவாசத் துன்பம் பன்னிரண்டு. வைத்தியர் ஒருவர் உதவக் கிடைத்தது ஏறக்குறையப் பாதி நிகழ்ச்சிகளில் மட்டுமே. எஞ்சியவற்றில் பணியாளரும் ஏனைய பயணிகளுமே துணையாயினர். தரையிலுள்ள வைத்தியர் தொலைத்தொடர்பு வாயிலாக ஆலோசனை வழங்கினர்.

செய்யவேண்டியவை பெரும்பாலும் எளியனவே. மயங்கியவரை மல்லாக்கக் கிடத்திக் கால்களை உயர்த்தி, இறுகிய உடையைத் தளர்த்தல் வேண்டும். நன்கு தெளியுமுன் நீர் பருக்கலாகாது. வலிப்புக் கண்டவரை அடக்கிப் பிடித்தலும், வாயினுள் எதனையும் இடுதலும் தவறு. கையில் இரும்பைத் திணிப்பதாற் பயனில்லை. வலிப்பு நின்றபின் ஒருபுறமாகச் சரித்துக் கிடத்துக. ஒருவர் உணர்விழந்து இயல்பான மூச்சுமின்றி இருப்பின், ஆசனங்களிடையே இடம் போதாதாகலின், உடனே நடைவழியிற் கிடத்தி நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சதமமீற்றருக்குக் குறையாத ஆழத்தில் அழுத்துதல் வேண்டும். மின்னதிர்ச்சியால் இதயத்தை ஒழுங்குபடுத்தும் கருவி இன்று பல விமானங்களில் உண்டு. அது தேவைப்படும் நோயாளிக்குத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கின்றது. விமானம் அண்மையிலுள்ள நிலையத்தில் இறங்குதற்கும் பல நிமிடங்கள் செல்லும். அதுவரை காத்திருத்தல் இயலாது.

பயணிகளுக்கும் கடமையுண்டு. நாள்தோறும் உட்கொள்ளும் மருந்தைப் பெரும்பொதியில் இடாது கைப்பையில் வைத்திருத்தல் வேண்டும். அண்மையில் நெஞ்சிற் காயமோ சத்திரசிகிச்சையோ பெற்றவர், வைத்தியரின் அனுமதி பெற்ற பின்னரே பறத்தல் நன்று.

இவை யாவும் பாடசாலை முதலுதவி வகுப்பிற் கற்கக்கூடியவையே. வகுப்பறையில் வீழ்பவருக்கும் விளையாட்டிடத்தில் வீழ்பவருக்கும் வானத்தில் வீழ்பவருக்கும் முதற் சில நிமிடங்கள் ஒன்றே. அந்நிமிடங்களிற் செய்வதறிந்த ஒருவர் அருகிலிருத்தலே நோயாளிக்கு வாய்க்கும் பெரும் பேறாகும்.