பேச மறுக்கும் வலையமைப்பு அட்டை: பழுதையும் பூட்டையும் பிரித்தறிதல்

கொல்கத்தா நகரின் தென்பகுதியாகிய அலிப்பூரில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மண்டல நிலையம் அமைந்துள்ளது. 1875ஆம் ஆண்டில் இத்துறை தோற்றுவிக்கப்பட்டபோது அதன் தலைமையகம் இந்நகரிலேயே இருந்தது. இன்று மேற்கு வங்காளத்திற்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் உரிய புயல் எச்சரிக்கைகள் அலிப்பூரிலிருந்து விடுக்கப்படுகின்றன. காலை 8.30 மணிக்கு, அஃதாவது உலகப் பொது நேரம் 3 மணிக்கு, காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசை, வேகம் முதலியன குறிக்கப்பட்டு 42807 என்னும் நிலைய எண்ணுடன் அனுப்பப்படுகின்றன. சென்னை நுங்கம்பாக்கமும் அதே வேளையில் 43278 என்னும் தன் எண்ணுடன் அனுப்புகிறது. இவ்வாறு ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட அளவுகள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் வானிலை வரைபடம் உருவாகும். தாமதித்து வரும் அளவு காலநிலைப் பதிவேட்டிற்குப் பயன்படலாம். அன்றைய முன்னறிவிப்புக்குப் பயன்படாது.

இத்தகைய செய்திகள் முற்காலத்தில் தந்திக் கம்பி வழியே சென்றன. கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்திற்கும் இடையே தந்திப் போக்குவரத்து 1851ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. கம்பி அறுந்தால் லைன்மேன் வழிநெடுக நடந்து, கம்பத்துக்குக் கம்பம் சோதித்து, குறையைக் கண்டுபிடிப்பார். இன்று அச்செய்தி கணிப்பொறியிலிருந்து வெளியேறும் முதல் வாயில், உள்ளங்கையினும் சிறிய ஒரு சாதனம். கடைகளில் 'நெட்வொர்க் அடாப்டர்' என்று வழங்கும் அதனை இங்கே வலையமைப்பு அட்டை எனலாம். கணிப்பொறியின் உள்ளே இருக்கும் எண்களை மின் துடிப்பாகவோ வானொலி அலையாகவோ மாற்றி வெளியே அனுப்புவதும், வெளியிலிருந்து வருவனவற்றை எண்களாக மாற்றி உள்ளே கொடுப்பதும் அதன் தொழில். ஒவ்வோர் அட்டைக்கும் ஆலையிலேயே 48 பிட் நீளமுள்ள முகவரி ஒன்று பொறிக்கப்படுகிறது. 'மேக்' முகவரி என்பது இதுவே.

இவ்வாயில் அடைபட்டபோது என்ன செய்வது என்பது, கணிப்பொறியை ஆளும் இயங்குதளத்தைப் பொறுத்தது. பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ், இன்று பல வடிவங்களில் வழங்குகிறது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு 2007இல் 'பாஸ்' என்னும் வடிவத்தை வெளியிட்டது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கணிப்பொறிகளுக்கென உருவாக்கப்பட்ட 'மாயா' பற்றிய செய்தி 2023இல் வெளிவந்தது. அயல்நாடுகளில் 'டெயில்ஸ்', 'க்யூப்ஸ்' முதலிய வடிவங்கள் காவலையே முதல் நோக்கமாகக் கொண்டவை. 'காளி' எனப்படும் வடிவத்தையும் பலர் இவ்வரிசையில் வைப்பர். அது முற்றும் சரியன்று. காளி என்பது பிறர் கட்டிய மதிலில் விரிசல் உண்டா என்று தட்டிப் பார்க்கும் சோதனையாளரின் கருவிப்பெட்டி. அதனை அன்றாட அலுவலகக் கணிப்பொறியாகக் கொள்வது, பூட்டுத் திறப்பவரின் பையைப் பூட்டாக எண்ணுவதை ஒக்கும்.

இவ்வளவு காவல் எதற்கு என்று கேட்பவர் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் இணைந்திருந்த ஒரு கணிப்பொறியில் தீய நிரல் புகுந்திருந்ததை 2019 அக்டோபர் இறுதியில் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணுவுலையை இயக்கும் உள் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அது தீண்டப்படவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின், 2022 நவம்பரில், புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டு, நோயாளர் பதிவு பல நாட்கள் கையால் எழுதப்பட்டது.

காவல் மிக்க இயங்குதளத்தில் பழுது காண்பவருக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. சாதாரணக் கணிப்பொறியில் அட்டை வேலை செய்யாவிடின் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். இங்கோ, ஒன்றும் கெடாமலேயே அட்டை பேச மறுக்கலாம். இயங்குதளமே அதன் வாயை அடைத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பழுதென்று எண்ணிப் பூட்டை உடைப்பவர் இணைப்பைப் பெறுவார், காவலை இழப்பார். ஆதலால் முதற்கண் கேட்க வேண்டிய வினா, 'இது இயலாமையா, மறுப்பா?' என்பதே.

இதற்கு விடை காணக் கீழிருந்து மேலே செல்வதே முறை. வடமாயின் அதனைச் செருகும் துளையருகே சிறு விளக்கு எரிகிறதா என்று பார்த்தல் வேண்டும். எரியாவிடின் வடத்தை மாற்றுக. மறுமுனையில் உள்ள ஸ்விட்சில் வேறு துளையில் செருகுக. அதன்பின் 'ஐபி லிங்க்' என்னும் கட்டளையை இட்டால் இயங்குதளம் அறிந்த அட்டைகளின் பட்டியல் வரும். 'ஈஎன்' என்று தொடங்கும் பெயர் வடத்தில் இயங்குவது. 'டபிள்யூஎல்' என்று தொடங்குவது கம்பியில்லாதது. 'எல்ஓ' என்பது கணிப்பொறி தன்னோடு தானே பேசும் உள்வழி. அதனைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. வட அட்டையின் பெயருக்கு எதிரே 'நோ-கேரியர்' என்று காணப்படின், அட்டை நலமாக இருந்தும் வடத்தின் மறுமுனையில் எவரும் இல்லை என்பது பொருள்.

பட்டியலில் அட்டையே இல்லையெனில், 'எல்எஸ்பிசிஐ', 'எல்எஸ்யூஎஸ்பி' ஆகிய கட்டளைகள் கணிப்பொறியில் பொருத்தப்பட்ட வன்பொருள்களைக் காட்டும். அங்கும் இல்லாவிடின் கழற்றிப் பொருத்திப் பார்ப்பதே வழி. அங்கே இருந்து, முந்தைய பட்டியலில் மட்டும் இல்லையெனில், பொருள் உண்டு, அதை நடத்தும் இயக்கி மென்பொருள் இல்லை என்று கொள்ளலாம். இயக்கியைத் தவிர, பல அட்டைகளுக்குத் தம்முள் ஏற்றப்பட வேண்டிய 'ஃபர்ம்வேர்' என்னும் சிறு நிரலும் தேவை. 'டிமெசெக்' கட்டளை காட்டும் குறிப்புகளில் ஃபர்ம்வேர் ஏற்றம் தவறியது, பிழை எண் -2 என்று இருப்பின், அக்கோப்பு வட்டில் இல்லை என்பதே செய்தி. டெபியன் என்னும் மூல வடிவம், மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேர்களை நெடுங்காலம் தன் நிறுவுவட்டில் சேர்க்காதிருந்தது. 2022இல் வாக்கெடுப்பு நடத்திக் கொள்கையை மாற்றியது. 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு முதல் அவை சேர்ந்தே வருகின்றன. பழைய பதிப்பின்மேல் எழுந்த இயங்குதளங்களில் கம்பியில்லா அட்டைகள் ஊமையாயிருப்பதற்கு இஃதொரு பெருங்காரணம்.

இதுவரை கூறியவை இயலாமையின் வகைகள். மறுப்பின் வகைகளே நுட்பமானவை.

மிக எளிய பூட்டு 'ஆர்எஃப்கில்' என்பது. அக்கட்டளை ஒவ்வொரு வானொலிச் சாதனத்திற்கும் இரு நிலைகளைக் காட்டும். மென்தடை கட்டளையால் நீங்கும். வன்தடை மடிக்கணிப்பொறியின் பொத்தானையோ தொடக்க அமைப்பையோ மாற்றினாலன்றி நீங்காது.

அடுத்தது கையொப்பச் சோதனை. 'செக்யூர் பூட்' இயங்கும் கணிப்பொறியில், நம்பத்தக்க சாவியால் கையொப்பமிடப்படாத இயக்கியை லினக்ஸின் உட்கரு ஏற்காது. சாவி நிராகரிக்கப்பட்டது என்று கூறி நின்றுவிடும். அங்காடியில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி கம்பியில்லா அட்டைகள் சிலவற்றுக்கு இயக்கியைத் தனியே தேடி நிறுவ வேண்டியிருப்பதால் இத்தொல்லை அடிக்கடி எழுகிறது. இச்சோதனையையே அணைத்துவிடுமாறு யோசனை கூறுவோர் பலர். வாயிற்காவலரை வீட்டிற்கு அனுப்பிவிட்டு விருந்தினரை வரவேற்கும் யோசனை அது. அலுவலகப் பொறுப்பாளர் தம் சாவியைக் கணிப்பொறியில் பதிவு செய்து, அதனால் இயக்கிக்குக் கையொப்பமிடுவது முறையான வழி. உட்கருவிலேயே இயக்கி உள்ள அட்டையை வாங்குவது அதனினும் நன்று. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு நாள் உழைப்பை இழப்பதில் சிக்கனம் இல்லை.

மூன்றாவது பூட்டு முகவரியைப் பற்றியது. ஆலையில் இட்ட முகவரி எங்கும் மாறாதாகையால், அதைக்கொண்டு ஒருவர் நடமாட்டத்தைத் தொடர இயலும். எனவே டெயில்ஸ் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பொய்முகவரி ஒன்றை அட்டைக்கு அணிவிக்கிறது. ஏதோ காரணத்தால் அணிவிக்க இயலாவிடின், உண்மை முகவரி வெளிப்படுவதினும் இணைப்பே இல்லாதிருத்தல் நலம் எனக் கருதி, அவ்வட்டையை அடியோடு முடக்கிவிடுகிறது. காண்பவர் அட்டை செத்தது என்றே எண்ணுவர். இதன் மறுபக்கமும் உண்டு. அலுவலக வலையமைப்புகள் பல, முன்னரே பதிவான முகவரிகளை மட்டுமே ஏற்கும். பொய்முகவரியுடன் வரும் கணிப்பொறியை அவை வெளியே நிறுத்தும். பதினாறு இலக்க எண்முறையில் எழுதப்பட்ட முகவரியின் இரண்டாம் குறி 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாயின் அது பெரும்பாலும் இயங்குதளம் அணிவித்ததே என்று ஒரு பார்வையில் அறியலாம்.

க்யூப்ஸ் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அது கணிப்பொறியைப் பல தனியறைகளாகப் பிரித்து, வலையமைப்பு அட்டையை 'சிஸ்-நெட்' என்னும் ஓரறையில் அடைத்து வைக்கிறது. மற்ற அறைகளில் அட்டையைத் தேடினால் அகப்படாது. அகப்படக்கூடாது என்பதே அமைப்பு. தேடுவோர் சரியான அறையில் தேட வேண்டும்.

பூட்டுகளின் அருமையும் அவற்றால் வரும் அல்லலும் பேரிடர் வேளையில் ஒருங்கே தெரியும். 2020 மே 20 அன்று அம்பன் புயல் வங்கக் கரையைக் கடந்தபோது அலிப்பூரில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசியது. கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசியும் இணையமும் நாட்கணக்கில் தடைப்பட்டன. இத்தகைய நாளில் வடம் அறுந்த அலுவலகத்தில் பணிபுரிவோர், கைக்குக் கிடைத்த கைபேசியையோ யூஎஸ்பி அட்டையையோ செருகிச் செய்தியை அனுப்ப முயல்வது இயல்பு. 'யூஎஸ்பிகார்டு' என்னும் காவல் நிறுவப்பட்ட கணிப்பொறியோ, முன்பின் அறியாத அச்சாதனத்தை ஏற்காது. புயல் வீசும் இரவில் விதியைத் தளர்த்த அதிகாரம் உடையவரைத் தேடிக்கொண்டிருக்க இயலுமா? மாற்று அட்டை ஒன்றை மழைக்காலத்திற்கு முன்பே வாங்கி, முறைப்படி அனுமதிப் பட்டியலில் சேர்த்து, ஒருமுறை அதன்வழி செய்தி அனுப்பியும் பார்த்து, உறையிலிட்டு வைத்தால் காவலும் கெடாது, செய்தியும் நிற்காது. மழைமானியைப் பருவத்திற்கு முன் துடைத்து வைப்பவருக்கு இது புதிய பழக்கமன்று.

பள்ளி, கல்லூரிகளில் காளியைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வரும் தொல்லைகள் வேறுவகை. பெரும்பாலும் அதனை மற்றோர் இயங்குதளத்தினுள் மெய்நிகர் கணிப்பொறியாக இயக்குகின்றனர். அப்போது மடிக்கணிப்பொறியின் கம்பியில்லா அட்டை, உள்ளிருக்கும் காளிக்கு வட அட்டையாகவே தோன்றும்; அருகிலுள்ள வைஃபை நிலையங்களின் பட்டியல் வராது. இது பழுதன்று. இணையம் கிடைக்கிறதாயின் எதையும் திருத்த வேண்டுவதில்லை. வானொலி அலைகளையே ஆராய வேண்டுமெனில் தனி யூஎஸ்பி அட்டையை மெய்நிகர் கணிப்பொறியிடம் ஒப்படைத்தல் வேண்டும். மற்றொன்று, மாணவர் தாமே வரவழைப்பது. அட்டையைக் கண்காணிப்பு நிலைக்கு மாற்றுமுன், குறுக்கிடும் பணிகளை நிறுத்துமாறு பாடநூல்கள் கூறும் கட்டளை, 'நெட்வொர்க்மேனேஜர்' என்னும் இணைப்பு மேலாளரையும் நிறுத்திவிடுகிறது. பாடம் முடிந்தபின் இணையம் இல்லையே என்று திகைப்பர். அட்டையைப் பழைய நிலைக்குத் திருப்பி, மேலாளரை மீண்டும் தொடங்கினால் போதும். இவ்வாராய்ச்சி பள்ளியின் சொந்த வலையமைப்பில், அனுமதியுடன் மட்டுமே நடைபெற வேண்டும்; பிறர் வலையமைப்பில் அனுமதியின்றிப் புகுதல் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றமாகும்.

இறுதியாக ஒரு சிறு காரணம் உண்டு. சிறிதாகையால் எவரும் நினைப்பதில்லை. விளக்கு எரியும், அட்டை பட்டியலில் இருக்கும், ஃபர்ம்வேரும் ஏறியிருக்கும். எனினும் அலுவலகக் கம்பியில்லா வலையமைப்பு உள்ளே விடாது. அத்தகைய வலையமைப்புகள் அடையாளச் சான்றிதழ் கொண்டு ஒன்றையொன்று அறிகின்றன. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணிப்பொறியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே நின்றுவிட்டால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது கருதி இணைப்பை மறுக்கும். சரியான நேரத்தை வலையமைப்பிலிருந்து பெறலாமெனினோ, நேரம் சரியாக இருந்தாலன்றி வலையமைப்பு கிடைக்காது. எனவே நாளையும் மணியையும் முதலில் கையால் திருத்த வேண்டும். அடுத்த முறை மின்சாரம் நின்று வந்ததும் கடிகாரம் மறுபடியும் பின்னே போயிருப்பின், தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்னும் நாணய வடிவ மின்கலத்தின் ஆயுள் முடிந்தது. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடைகளிலேயே அது கிடைக்கும்.