ஏற்றத்தில் வேர்வை, இறக்கத்தில் குளிர்

மும்பை–புனே சைக்கிள் பந்தயத்தில், போர் காட் மலையேற்றத்தில் முந்துபவருக்குக் 'காட் ராஜா' என்ற பட்டம் உண்டு. அந்த ஆசையில் மார்கழி விடியலில் செம்பூரிலிருந்து பழைய புனே சாலையில் பயிற்சிக்குக் கிளம்பும் பிள்ளைகளின் பெற்றோர் கவலைப்படவேண்டியது ஏற்றத்துக்காக அல்ல, இறக்கத்துக்காக.

கோப்போலி தாண்டி சிங்க்ரோபா கோயிலருகே மிதிக்கையில், பனியிலும் பனியன் நனைந்துவிடும். திரும்பி இறங்கும்போதோ கால்களுக்கு வேலையில்லை. எதிர்க்காற்று அந்த ஈரத்தை உலர்த்தி உடல்சூட்டையும் பறித்துவிடும். விறைத்த விரல்களால் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க முடியாது. ஆகவே கண்டாலாவில் பனியனை மாற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு ஒரு செய்தித்தாளைச் செருகிக்கொள்ளட்டும்; ஐரோப்பிய வீரர்களின் பழைய உபாயம் இது. (படித்த பேப்பருக்கு இதைவிட நல்ல உபயோகம் ஏது!) வளைவில் சரளை கிடந்தால் அதை எட்டுமுன்பே வேகம் குறையவேண்டும், சரளைமேல் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும். குளிரில் தாகம் அதிகம் தெரியாது. இருந்தாலும் தண்ணீர் பாட்டில் காலியாகித்தான் வீடு திரும்பவேண்டும்.