நோய்ப்படுக்கையில் சர்க்கரை

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கே செல்லும் மின்சார ரயில் குரோம்பேட்டையைக் கடந்ததும் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தில் நிற்கும். அவ்வழியே நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் பலர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். காசநோயாளர் தங்கி நலம் பெறும் இல்லமே சானடோரியம். டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பார் 1928-ஆம் ஆண்டில் அதனை இங்கு நிறுவினார். 1937-இல் அரசு அதனை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது.

அந்நாளில் காசத்தை வேரறுக்கும் மருந்து இல்லை. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே சிகிச்சை. இன்று மருந்து உண்டு. ஆயினும் காசத்தோடு மற்றொரு நோய் கைகோத்து வருகிறது. அதுவே நீரிழிவு. தமிழ்நாட்டுக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நீரிழிவும் இருப்பதை 2012-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மிகுந்த சர்க்கரை உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்துக் காசத்துக்கு வழிவிடுகிறது. காசத்தின் காய்ச்சலோ சர்க்கரையை மேலும் ஏற்றுகிறது.

காய்ச்சல் ஏன் சர்க்கரையை ஏற்றவேண்டும்? கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் ஹார்மோன், குருதியிலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. மிஞ்சியதைக் கல்லீரலில் சேமிக்கச் செய்கிறது. கல்லீரலை வீட்டிலுள்ள நெற்குதிர் என்று கொள்ளுங்கள். கடுந்தொற்றோ, அறுவைச் சிகிச்சையோ நேரும்பொழுது, உடல் அதனை இடர்க்காலம் என்று கருதுகிறது. அட்ரினல் சுரப்பி தரும் கார்ட்டிசால், அட்ரினலின் என்பவையும், கணையம் தரும் குளூக்ககானும் அக்குதிரின் வாயைத் திறந்துவிடுகின்றன. இன்சுலினின் ஆற்றலும் அப்பொழுது குன்றுகிறது. ஆகவே, நோயாளி ஒரு கவளமும் உண்ணாதிருந்தும் சர்க்கரை ஏறுகிறது.

இதனை அறியாத உறவினர், "சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு?" என்று இன்சுலினை நிறுத்திவிடுவதுண்டு. அன்பினால் செய்வதுதான், எனினும் உயிருக்கு ஊறு. இன்சுலின் போதாதபொழுது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் குருதியில் பெருகி நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தும். மாறாக, உணவுக்குரிய ஊசியைப் போட்டுவிட்டு உணவைத் தவறவிட்டாலும் இடர்தான். 100 மில்லிலிட்டர் குருதியில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் அறிவுத் தடுமாற்றமும் தோன்றும்.

இவ்விரு இடர்களுக்கும் இடையே வழி காண்பதே மருத்துவமனையின் பணி. உணவுக்கு முன்னும் உறங்குமுன்னும் விரல்நுனிக் குருதியை அளக்கின்றனர். சர்க்கரை 180 மில்லிகிராமுக்கு மேல் நீடியாமலும் 100-க்குக் கீழே இறங்காமலும் காப்பதே பெரும்பாலோர்க்குக் குறிக்கோள். மாத்திரைகளை நிறுத்தி இன்சுலினைத் தருவதும் உண்டு. அதன் அளவை அன்றன்று மாற்றலாம் அன்றோ? நெடுநேரம் செயற்படும் ஊசி உடலின் அடிப்படைத் தேவைக்கு. விரைந்து செயற்படும் ஊசி உணவுக்கு. உண்ணாத வேளையில் பின்னதை நிறுத்துவர். முன்னதன் அளவைக் குறைப்பினும், தேவையுள்ளவர்க்கு அறவே நிறுத்துவதில்லை. காசநோயாளருக்கு மற்றொரு கவனமும் வேண்டும். ரிஃபாம்பிசின் என்னும் காசமருந்து, நீரிழிவு மாத்திரைகள் சிலவற்றின் வலிமையைக் குறைத்துவிடும்.

மாணவர்களே, உங்கள் பாட்டனாரோ தந்தையாரோ மருத்துவமனையில் சேர நேர்ந்தால், படித்த பிள்ளை என்று உங்களையே அருகில் இருத்துவார்கள். அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுங்கள். அவர் எவ்வளவு உண்டார் என்பதைச் செவிலியரிடம் மறையாது கூறுங்கள். மருத்துவரைக் கேளாமல் எந்த ஊசியையும் நிறுத்த விடாதீர்கள். நோய் தணிந்தால் இன்சுலின் தேவையும் தணியும். ஆதலின் வீடு திரும்பும் நாளில் புதிய அளவைக் கேட்டு எழுதிக்கொள்ள மறவாதீர்கள்.