நெடியோர்க்கேற்ற உடை

நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் வெளிவரும் குழுப்படங்களைச் சிறிது ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். முன்வரிசையில் ஆசிரியர்கள் அமர்ந்திருப்பர்; அவர்க்குப் பின்னே நடுத்தர உயரமுடையோர் நிற்பர்; கடைசி வரிசை நெடியோர்க்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அக்கடைசி வரிசையில் இருவர் மூவரேனும் தோள்களை முன்னே வளைத்து, கழுத்தைத் தாழ்த்தி, தம் உயரத்திற்காக மன்னிப்புக் கேட்பார் போல நிற்கக் காணலாம். படத்தில் தெரியாத பகுதியை அவரை நேரிற் கண்டோர் அறிவர். சட்டைக் கை மணிக்கட்டை எட்டாது நின்றுவிடும். காற்சட்டை கணுக்காலைத் தொடாது. கையை உயர்த்தினாலோ சட்டை இடுப்பை விட்டு வெளியேறிவிடும். இக்கூனலுக்கும் இவ்வுடைக்கும் உள்ள தொடர்பினை ஆராய்ந்து, நெடிய இளைஞர் தமக்குப் பொருந்திய, கண்ணுக்கினிய உடையைப் பெறும் வழியினை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடையைப் பற்றி எழுதுவது கற்றோர்க்கு அழகோ எனச் சிலர் ஐயுறலாம். 'ஆள் பாதி, ஆடை பாதி' என்னும் பழமொழியை நம் முன்னோர் வீணாக வழங்கினாரல்லர். திருமறையை நோக்கினும் இக்கருத்துக்குச் சான்றுண்டு. இஸ்ரவேலின் முதல் அரசனான சவுல், மக்கள் யாவரினும் தோளளவு உயர்ந்தவன் எனச் சாமுவேலின் முதலாம் ஆகமம் கூறுகின்றது. அவன் தன் போர்க்கவசத்தைச் சிறுவனாகிய தாவீதுக்கு அணிவித்தபோது, தாவீது அதனுடன் நடக்கவியலாது கழற்றி வைத்தான். கவசம் சிறந்ததே, அரசனுடையதே, ஆயினும் அது வேறோர் உடலின் அளவுக்குச் செய்யப்பட்டது. அளவு பொருந்தா ஆடை அரசனுடையதாயினும் பயனின்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? தாவீதின் இடர் பெரிய உடையால் வந்தது. நம் நெடியோரின் இடர் சிறிய உடையால் வருவது. வேறுபாடு அவ்வளவே.

இனி, இவ்விடர் தோன்றுவதற்குரிய காரணத்தைக் காண்போம். பண்டு ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே அளவெடுத்துத் தைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தையற்பொறி பரவிய பின்னர், பலர்க்கும் பொதுவாக முன்னரே தைத்து வைக்கும் ஆயத்த உடை பெருகிற்று. ஆயத்த உடை தைப்போர் ஒவ்வொரு மனிதனையும் காணார்; ஒரு சராசரி மனிதனைக் கருத்திற்கொண்டே துணியை வெட்டுவர். சராசரிக்கு அண்மையிலிருப்போர்க்கு அவ்வுடை பொருந்தும். இரு முனைகளிலும் இருப்போர்க்குப் பொருந்தாது. உலக நாடுகளின் உயரத்தை ஒப்பிட்டு 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, 1996ஆம் ஆண்டிற் பிறந்த ஆடவரின் சராசரி உயரம் ஹாலந்து நாட்டில் 182 சென்டிமீட்டருக்கும் மேல் என்றும், இந்தியாவில் ஏறக்குறைய 165 சென்டிமீட்டர் என்றும் கணித்தது. ஆகவே ஆறடி இரண்டங்குலம், அதாவது 188 சென்டிமீட்டர் உயர்ந்த ஒருவர் ஹாலந்தில் சராசரிக்குச் சிறிதே மேற்பட்டவர். நம் நாட்டிலோ சராசரியினும் ஏறக்குறைய ஒன்பது அங்குலம் மிக்கவர். இங்குள்ள கடைக்காரர் அவரை எதிர்பார்த்துத் துணி அடுக்குவதில்லை என்பதில் வியப்பென்ன?

நம் நாட்டு ஆயத்த உடைகளின் அளவுகள் நெடுங்காலமாக அயல்நாட்டு அளவுப் பட்டியல்களைத் தழுவியே அமைந்திருந்தன. இக்குறையைப் போக்கும் பொருட்டு, இந்தியர்க்கென ஓர் அளவுப் பட்டியலை வகுக்கும் 'இந்தியாசைஸ்' என்னும் திட்டம் 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை ஆறு நகரங்களில் உடலளவிக் கருவிகளால் அளப்பது அத்திட்டத்தின் நோக்கமாயிருந்தது. எத்துணைச் சிறந்த பட்டியலாயினும் அது பெரும்பான்மையோர்க்கே துணைசெய்யும். முனையில் நிற்போர் தம் அறிவையும் துணைக்கொள்ளல் வேண்டும்.

நெடியோர் செய்யும் முதற் பிழை யாதெனில், நீளம் போதாவிடத்துப் பெரிய எண்ணுள்ள சட்டையை வாங்குதல். இது ஏன் பயன்தராது? சட்டையின் எண் மார்பின் சுற்றளவைக் குறிப்பது. 40 என்னும் எண்ணிலிருந்து 42க்குச் சென்றால் மார்பின் சுற்றளவு இரண்டங்குலம் கூடும். உடல் நீளமோ பொதுவாக அரை அங்குலம் அல்லது அதற்குச் சற்று மிகையாகவே கூடும். கை நீளமும் அங்ஙனமே. இரண்டங்குல நீளம் வேண்டி எண்ணை உயர்த்திக்கொண்டே செல்வோன், ஈற்றில் எட்டங்குலம் மிகையான அகலத்தைச் சுமப்பான். தோட்டையல் புயத்தின்மேல் வழியும். கழுத்துப்பட்டி தளர்ந்து தொங்கும். மெலிந்த உடல் கூடாரத்தின் நடுவில் நட்ட கம்பம் போலத் தோன்றும். நீளமும் அகலமும் தனித்தனியே வளர்வன என்பதை மறவாதிருத்தல் வேண்டும். மேனாட்டில் கோட்டுகளைக் 'குட்டை', 'நடுத்தரம்', 'நெட்டை' என ஒரே மார்பளவில் மூவகையாக விற்பதும், ஜீன்ஸ் காற்சட்டையில் இடுப்பளவு, உட்கால் நீளம் என இரண்டு எண்களைக் குறிப்பதும் இவ்வுண்மை பற்றியே. ஆதலின் கடையில் முதல் எண்ணை மட்டுமன்றி இரண்டாம் எண்ணையும் கேட்டு வாங்குக.

ஆயத்த உடை வாங்குவோர் நினைவிற் கொள்ளத்தக்க விதி ஒன்றுண்டு: அகலத்தைக் குறைக்கலாம், நீளத்தை வளர்த்தல் அரிது. சட்டையின் பக்கத் தையலை உள்ளே பிடித்து ஒடுக்குதல் எளிய வேலை. எந்தத் தையற்காரரும் செய்வர். பட்டி வைத்துத் தைத்த கையை நீட்டுதல் இயலாது. தோளை மாற்றுதல் சட்டையைப் பிரித்து மீண்டும் தைப்பதற்கு ஒப்பாகும். எனவே முதலில் தோளையும், அடுத்துக் கை நீளத்தையும், பின்னர் உடல் நீளத்தையும் பார்த்து, இம்மூன்றும் பொருந்துமாயின் இடுப்பு சற்றுத் தளர்ந்திருப்பினும் வாங்குக. சோதிக்கும் முறையும் எளிது. முழங்கையை மடக்கும்போது கைப்பட்டி மணிக்கட்டை விட்டு வெகுவாக ஏறுதல் கூடாது. இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தும்போது, உட்செருகிய சட்டை இடுப்பை விட்டு வெளியேறுதல் கூடாது. காற்சட்டையை அணிந்து நிற்பதோடு அமையாது, நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தும் பார்க்க. கீழ்மடிப்பினுள் எத்தனை அங்குலத் துணி விடப்பட்டுள்ளது என்பதையும் திருப்பி நோக்குக. இரண்டங்குலம் உள்ளே இருப்பின் அதனைப் பிரித்து ஓரங்குலமேனும் நீட்டிக்கொள்ளலாம்.

நல்வாய்ப்பாக, நம் ஊர்களில் தெருவுக்கொரு தையற்காரர் இன்னும் உளர். மேனாட்டில் அளவெடுத்துத் தைத்த உடை செல்வர்க்கே உரியதாய்விட்டது. இங்கே அது மாணவனுக்கும் எட்டுவதே. ஆயினும் துணி எடுக்கும்போதே கணக்கு வேண்டும். 58 அங்குலப் பன்னாவுள்ள துணியில் காற்சட்டையின் நான்கு துண்டங்களும் பக்கம் பக்கமாக அடங்கிவிடும். ஆதலின் வேண்டும் துணியின் நீளம் காற்சட்டையின் நீளத்தையே சார்ந்தது. ஆறடி இரண்டங்குலமுள்ளவர்க்கு இடுப்பிலிருந்து குதிகால் வரை ஏறக்குறைய 113 சென்டிமீட்டர் எனக் கொண்டால், மேலும் கீழும் மடிக்கவும் தைக்கவும் 12 சென்டிமீட்டர் சேர, 125 ஆகின்றது. பிறர்க்குப் போதும் என்று கடைக்காரர் வெட்டித் தரும் 1.20 மீட்டர் இவர்க்குப் போதாது, 1.35 மீட்டர் கேட்டுப் பெறுதலே தக்கது. முழுக்கைச் சட்டைக்கோ, உடல் நீளமும் கை நீளமும் ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டப்படும். அவை முறையே 82, 67 எனின், தையலுக்குரியதும் சேர 160ஐத் தாண்டும். ஆதலின் 1.75 மீட்டர் வாங்குக. கால் மீட்டர் துணியை மிச்சம் பிடிக்க எண்ணி, முழுச் சட்டையையும் பாழாக்கிக்கொண்டோர் பலர்.

இதனோடு பருத்தித் துணியின் இயல்பொன்றையும் அறிதல் வேண்டும். நெசவின்போது பாவு நூல் இழுத்துப் பிடிக்கப்படுகின்றது. துணி நீரில் நனைந்தவுடன் அவ்விழுப்புத் தளர்ந்து சுருங்குகின்றது. சுருக்கம் அகலத்தினும் நீளத்திலேயே மிகுதியாக நேர்வது. நூற்றுக்கு மூன்று சுருங்கினும், 113 சென்டிமீட்டர் காற்சட்டை மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குறையும். அளவு சரியாகத் தைத்த உடை இரண்டாம் வெளுப்பில் கணுக்காலுக்கு மேலேறும் மருமம் இதுவே. ஆதலின் சுருங்காவண்ணம் முன்னரே பதப்படுத்தாத துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, உலர்த்தித் தேய்த்த பின்னரே தையற்காரரிடம் கொடுக்க.

அளவெடுக்கும்போது நிற்கும் நிலை மிக முக்கியமானது. கூனி நின்று அளவு கொடுப்பவனுக்குக் கூனலுக்கேற்ற உடையே கிடைக்கும். முதுகு வளைந்த நிலையில் முன்புறம் குறுகி அளக்கப்படுகின்றது. பின்னர் அவன் நிமிர முயன்றால் மார்பில் துணி இழுத்துப் பிடிக்கும். உடை அவனை மீண்டும் கூனலுக்கே தள்ளும். ஆதலின் நிமிர்ந்து, இயல்பாக மூச்சுவிட்டு நிற்க. கையை விறைப்பாகத் தொங்கவிடாது, முழங்கையைச் சிறிது மடக்கி, பிடரியின் நடுவிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டெலும்பு வரை அளக்குமாறு தையற்காரரை வேண்டுக.

நம் நாட்டு உடையோ நெடியோர்க்குப் பெருந்துணை. வேட்டிக்குத் தோளில்லை; கையில்லை; தையலே இல்லை. நாலு முழம், எட்டு முழம் என்பன உடலைச் சுற்றி வரும் நீளத்தைக் குறிப்பன. இடுப்பிலிருந்து பாதம் வரை மறைப்பது அதன் அகலமே. இக்காலத்து எட்டு முழ வேட்டி பெரும்பாலும் ஏறக்குறைய 127 சென்டிமீட்டர் அகலமுடையது. மேலே கூறிய 113 சென்டிமீட்டர் போக, இடுப்பிற் சுருட்டிக் கட்ட 14 சென்டிமீட்டர் எஞ்சும், அது போதுமானது. ஆறரையடியை அணுகுவோர்க்கு மட்டுமே இவ்வகலம் குறைபடும். ஆதலின் அவர் முழத்தைக் கேளாது அகலத்தைக் கேட்டு வாங்குக. ஆறடிக்கும் மிக உயர்ந்தவராகிய திரைப்பட மேதை சத்யஜித் ராய், தளர்ந்த வெண்ணிற ஜிப்பாவிலும் பைஜாமாவிலும் கம்பீரமாகத் தோன்றியதை அவருடைய படங்களிற் காணலாம்.

இனி அழகு பற்றிச் சில சொற்கள். தலை முதல் கால் வரை ஒரே நிறம் அணியின் உருவம் மேலும் நீண்டு தோன்றும். சட்டை ஒரு நிறமும் காற்சட்டை வேறு நிறமுமாயின் நீளம் இரண்டாகப் பகுக்கப்படும். குறுக்குக் கோடு உருவத்தைப் பருமனாக்கும் என்பது பொதுவழக்கு. ஆயின் குறுக்குக் கோடுகள் நிரம்பிய சதுரம் உயர்ந்து தோன்றும் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். ஆதலின் கோடுகளைப் பற்றி மிகுந்து கவலையுறுதல் வேண்டா. கழுத்துப்பட்டியும் சட்டைப்பையும் உடலின் பருமைக்கு இசைய அமையட்டும். நெடிய உடலில் சிறிய காலர் பிறர் சட்டையை இரவல் வாங்கியது போன்ற தோற்றத்தைத் தரும்.

என் அநுபவம் ஒன்றைக் கூறி முடிக்கின்றேன். யானும் கடைசி வரிசையில் நின்றவனே. பட்டம் பெற்ற ஆண்டில் ஒரு வேலைக்கான நேர்காணலுக்கு, உறவினர் ஒருவரின் கோட்டை அணிந்து சென்றேன். அதன் கை மணிக்கட்டுக்கு மூன்றங்குலம் மேலே நின்றது. அதை மறைக்கக் கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி அமர்ந்தேன். வினவியோர் வினவிய வினாக்களிற் பாதி என் செவியில் ஏறவில்லை. என் கருத்து முழுவதும் அம்மூன்று அங்குலத்திலேயே இருந்தது. அவ்வேலை கிட்டாமைக்கு உடையே காரணம் எனக் கூறத் துணியேன். ஆயினும் அன்று என்னிடமிருந்த அறிவை யான் அவர்க்குக் காட்டவில்லை என்பது உறுதி.

ஆறடி நான்கங்குலம் உயர்ந்த ஆபிரகாம் லிங்கன் 1865ஆம் ஆண்டில் இரண்டாம் முறை குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது அணிந்த கோட்டு அவருக்கென்றே தைக்கப்பட்டது. அதன் உட்புறத்தில் நாட்டின் ஒற்றுமையைக் குறிக்கும் வாசகம் பூவேலையாகப் பொறிக்கப்பட்டிருந்தது. வெளியே அளவு, உள்ளே கருத்து. நல்லுடையின் இலக்கணம் அதுவே. பொருந்திய உடை நம்மைப் பற்றிய நினைவை நம்மிடமிருந்து அகற்றி, செய்யவேண்டிய செயலில் மனத்தைச் செலுத்துகின்றது. கடைசி வரிசையில் நிற்கும் இளைஞரே! உயரம் நீர் செய்த குற்றமன்று. இறைவன் அளித்த அளவு. அவ்வளவுக்குத் துணியை வளர்த்துக்கொள்ளுங்கள். துணியின் அளவுக்கு உங்களைக் குறுக்கிக்கொள்ளாதீர்கள். அடுத்த ஆண்டு மலரின் குழுப்படத்தில் பின்வரிசை நிமிர்ந்து நிற்கக் காண்போமாக.