மறுமுனையில் நின்றவர்கள்

ஓர் ஆட்டக்காரன் பல்லாண்டுகள் ஆடிச் சேர்க்கும் ஓட்டங்களும் விக்கெட்டுகளும் ஒருவகைச் சாதனை. ஒரே ஆட்டத்தில், ஒரு பொழுதுக்குள், அவன் செய்து முடிப்பது வேறொருவகை. முன்னதை உழைப்பும் உடல்நலமும் தரும். பின்னதற்கு அவை மட்டும் போதா. அன்றைய ஆடுகளம், அன்றைய காற்று, எதிரணியின் தளர்ச்சி, தன் அணியினரின் மனம் ஆகிய யாவும் ஒருங்கே கூடிவர வேண்டும். இவ்வகைச் சாதனைகளுட் சில, ஒருமுறை ஏட்டில் ஏறிவிட்டால், பின்வருவோர் எவ்வளவு வல்லவராயினும் அசையாமல் இருந்துவிடுவதன் காரணம் இதுவே.

நம் நாட்டு உதாரணத்தையே முதலிற் கொள்வோம். 2001 டிசம்பர் 8ஆம் நாள் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நடந்த ஒரு நாள் போட்டியில், சமிந்த வாஸ் 8 ஓவர்கள் வீசி, 19 ஓட்டங்களே கொடுத்துச் சிம்பாப்வேயின் முதல் 8 விக்கெட்டுகளையும் தாமே வீழ்த்தினார். அவற்றுள் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் விழுந்த மூன்றும் அடங்கும். அவருக்கு இன்னும் இரண்டு ஓவர்கள் இருந்தன. எதிரணியில் இரண்டு விக்கெட்டுகள் இருந்தன. பத்தையும் ஒருவரே வீழ்த்தும் காட்சியை அன்று காணலாம் என்று பலரும் எண்ணியிருப்பர். ஆனால் மறுமுனையிலே பந்தை வாங்கியவர் முத்தையா முரளிதரன். நான்கே பந்துகளில் எஞ்சிய இரண்டையும் அவர் முடித்துவிட்டார். சிம்பாப்வே 15.4 ஓவர்களில் 38 ஓட்டங்களுக்கு அடங்கியது. இலங்கை 4.2 ஓவர்களில் ஆட்டத்தை வென்றது.

இதிலொரு சுவையுண்டு. அதற்கு முந்திய ஒரு நாள் சாதனை முரளிதரனுடையதே. 2000ஆம் ஆண்டு சார்ஜாவில் இந்தியாவுக்கு எதிராக 30 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளை அவர் எடுத்திருந்தார். தம் சாதனையை முறியடித்த தோழர் மேலும் ஏறாதபடி தடுத்தவரும் அவரே என்று விளையாட்டாகச் சொல்லலாம். உண்மையில் அவர் தம் கடமையைச் செய்தார், அவ்வளவே.

கதை அங்கே முடியவில்லை. ஒரு மாதம் கழியுமுன், 2002 ஜனவரியில், கண்டி அஸ்கிரிய மைதானத்தில் அதே சிம்பாப்வேக்கு எதிரான டெஸ்ட் போட்டியின் முதல் நாளிலேயே முரளிதரன் 9 விக்கெட்டுகளைச் சாய்த்தார். மறுநாட்காலை அவரது பந்திலே வந்த ஒரு பிடி, அண்மையில் நின்ற களத்தடுப்பாளரின் கையிலே தங்கவில்லை. பின்பு பத்தாவது விக்கெட் வீழ்ந்தது, வாஸின் பந்தில்! முரளிதரனின் கணக்கு 51 ஓட்டங்களுக்கு 9 என்று நின்றது. எழுத்தாளன் ஒருவன் இதைப் புனைந்திருந்தால் மிகையென்று தள்ளியிருப்போம்.

பத்தையும் எடுத்தவர்களை நோக்கினாலும் மறுமுனையை மறக்க இயலாது. 1956 ஜூலையில், மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபர்டில், ஜிம் லேக்கர் அவுஸ்திரேலியாவின் 20 விக்கெட்டுகளில் 19ஐ 90 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். அதே ஆடுகளத்தில் 69 ஓவர்கள் வீசிய டோனி லொக்குக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. லொக் சாமானியரல்லர், அவர் மேலும் இரண்டை எடுத்திருப்பினும் லேக்கரின் 19 பிறந்திராது. 1999 பெப்ரவரியில் டில்லியில் அனில் கும்ப்ளே பாகிஸ்தானின் 10 விக்கெட்டுகளையும் 74 ஓட்டங்களுக்கு எடுத்தபோது, இறுதிக் கட்டத்தில் மறுமுனையில் வீசிய ஸ்ரீநாத், விக்கெட் தமக்கு விழாதவாறு பந்தை வேண்டுமென்றே விலக்கி வீசினார். வெற்றி அப்போது உறுதியாகிவிட்டமையால் அதனைப் பெருங்குற்றமென்று கூறேன். ஆயினும் இரண்டையும் வைத்து நோக்கின், கொழும்பு முறையே என் மனத்துக்கு உகந்தது.

கூடைப்பந்தாட்டத்திலும் இதுவே நிலை. 1962 மார்ச் 2ஆம் நாள், அமெரிக்காவின் ஹெர்ஷி என்னும் சிற்றூரில், வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் பெற்றார். 63 எறிகளில் 36 கூடையில் விழுந்தன. தண்ட எறிகள் 32இல் 28 விழுந்தன. ஆட்டத்தின் 48 நிமிடங்களிலும் அவர் ஓய்வு கொள்ளவில்லை. கடைசிப் பகுதியில் எதிரணியினர் பந்து அவரிடம் போகாதிருக்க மற்றவர்மீது தவறிழைத்தனர். அவர் அணியினரோ பந்தை விரைந்து மீட்கத் தாமும் தவறிழைத்தனர். சாதனைக்காக ஆட்டமே வளைந்து கொடுத்த நேரம் அது.

இக்காலத்தில் ஆட்டம் அவ்வாறு வளைவதில்லை. 2023 செப்டம்பரில் கொழும்பில் நம் அணியை 50 ஓட்டங்களுக்குச் சுருட்டியபோது, முகமது சிராஜ் 7 ஓவர்களில் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். உடல் வருந்துமென்று அவரிடமிருந்து பந்து வாங்கப்பட்டது. ஒரு நாள் போட்டியில் ஒருவருக்குக் கிடைப்பது 60 பந்துகளே. அவற்றையும் முழுதாய்க் கொடுக்கத் தயங்குங் காலத்தில், வாஸின் 8 விக்கெட் நிலைத்திருப்பது வியப்பன்று.

புத்தகத்தைத் திறந்து பக்கவெண்ணின் கடைசி இலக்கத்தை ஓட்டமாகக் கொள்ளும் ஆட்டம் நாமெல்லோரும் வகுப்பில் ஆசிரியருக்குத் தெரியாமல் ஆடியதுதான். இன்று கணினி அதனையே பெரிதாக்கி, கற்பனை அணிகளைக் கொண்டு கூடைப்பந்துச் சுற்றுப்போட்டிகளையே நடத்துகின்றது. அங்கும் தனியாட்டச் சாதனைகள் உண்டு. நெடுங்காலம் நிற்பனவும் உண்டு. ஆனால் அங்கே நிற்பது கணக்கின் விதி. விதியைச் சற்றே திருத்தினால் பழைய சாதனை எட்டாததாகிவிடும், அன்றேல் எளிதில் உடைந்துவிடும். மறுமுனையில் மனம் படைத்த தோழன் ஒருவன் அங்கில்லை.

இன்னுமொன்று. எழுதப்படாத சாதனை எண்ணப்படுவதில்லை. எறிந்த பந்தைத் தட்டித் தடுப்பதை அமெரிக்கச் சங்கம் 1973இலிருந்துதான் கணக்கிடத் தொடங்கியது. ஆதலால் சேம்பர்லின் அச்சங்கத்தில் ஆடிய காலம் முழுவதும் தடுத்தவை எத்தனை என்று ஏட்டிலில்லை. எங்கள் கரையிலும் நிலை அதுவே. கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலும் மருதமுனை, காரைதீவு மணற்பரப்புகளிலும் எத்தனை இளைஞர் ஒரு மாலைப்பொழுதில் எதிரணி முழுவதையும் வீழ்த்தியிருப்பர்! 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது, கரையோர வீடுகளோடும் பாடசாலைகளோடும் பழைய புள்ளிப் புத்தகங்கள் எத்தனையோ போயின. எஞ்சியவை முதியோர் நினைவிலும் சிலர் அலுமாரியிலும் கிடக்கின்றன. அவ்வாறான ஏடு எதனையேனும் பேணி வைத்திருக்கும் பழைய மாணவர், அதன் படியொன்றைக் கல்லூரி நூலகத்திலே சேர்ப்பாராயின், வீழ்த்தியவர் பெயரோடு மறுமுனையில் வீசியவர் பெயரையும் நாம் படிக்கலாம்.