புளி போட்டுத் தேய்க்காதீங்க... தாத்தாவின் போர்ப் பதக்கத்துக்கு வீட்டிலேயே ஒரு ஷோகேஸ்!

போகிக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். கூடவே தாத்தாவின் 'பர்மா ஸ்டார்' பதக்கமும் வரும். ஒரு உருண்டை புளி, கொஞ்சம் சாம்பல். அஞ்சே நிமிஷத்தில் தங்கம் மாதிரி மின்னும். இப்படியே எத்தனையோ போகி போச்சு. போன வருஷம் அதன் பின்பக்கத்தை மொபைலில் ஜூம் பண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தாத்தாவின் எண்ணும் பெயரும் பொறித்திருந்த இடத்தில் பாதி எழுத்துகளைக் காணோம். பர்மா காட்டிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்த பெயர், நம்ம வீட்டு முற்றத்தில் தேய்ந்துபோச்சு.

இரண்டாம் உலகப் போரில் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் பணியாற்றினார்கள். அதனால் பதக்கம், பழைய வாள், இரும்புத் தொப்பி, பூச்சாடியாக மாறிய பித்தளை ஷெல் உறை என ஏதோ ஒன்று பல வீட்டுப் பரண்களில் இருக்கிறது. அதை ஹாலில் அழகாக வைக்கணும்னு ஆசைப்படுகிறீர்களா? நல்ல விஷயம். ஆனால், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் சாதாரண ஃபிரேம் போட்டு மாட்டினால் போதாது.

எதிரி யார்னு தெரிஞ்சுக்கோங்க

உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள், ஒரே வரியில் சொல்வார்கள்: மழைக்காற்று அடித்தால் உப்பு கசியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர் லேசில் காயாது, பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுதான் காரணம். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே ஈரமாகிவிடும்.

கடல்காற்றில் இந்த இரண்டும் கலந்து வருகின்றன. வாள்மேல் படியும் அந்தத் தூசி, வெயில் நாளிலும் முழுசாகக் காய்வதில்லை. இரும்பில் துரு உள்ளே உள்ளே போகும். செம்பு, பித்தளை, வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். துடைத்தாலும் திரும்ப வந்தால், உலோகத்துக்குள் குளோரைடு இறங்கிவிட்டது என்று அர்த்தம். நாம் செய்யப்போகும் ஷோகேஸின் முதல் வேலை உப்பையும் ஈரத்தையும் தடுப்பது. அழகு அப்புறம்தான்.

பெட்டி எப்படி இருக்கணும்?

அக்ரிலிக் அல்லது கண்ணாடிப் பெட்டி, பவுடர் கோட்டிங் செய்த அலுமினிய ஃபிரேம், இறுக்கமாக மூடும் கதவு. இவ்வளவு போதும். பிளைவுட், எம்.டி.எஃப் பலகைகளை உள்பக்கம் பயன்படுத்தாதீர்கள். அவற்றிலிருந்து மெதுவாக வெளியேறும் அமில ஆவி, மூடிய பெட்டிக்குள் உலோகத்தை அரிக்கும். மரப்பெட்டிதான் இருக்கிறது என்றால், உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். பெயின்ட் அடித்தால் குறைந்தது 4 வாரம் திறந்து வைத்து ஆறவிடுங்கள்.

கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசையிலும் கவனம் தேவை. வினிகர் வாசனை வந்தால் அது அசிட்டிக் அமிலம். கடையில் 'நியூட்ரல் க்யூர்' என்று கேட்டு வாங்குங்கள். பதக்கத்துக்கு அடியில் வெல்வெட், கம்பளித் துணி, ரப்பர் ஷீட் வேண்டாம். கம்பளியிலும் ரப்பரிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். சாயம் போடாத, நன்றாக அலசிக் காயவைத்த காட்டன் துணியே போதும்.

அடியில் ஒரு சின்ன டிராயர் வைத்து சிலிக்கா ஜெல் போடுங்கள். ஆரஞ்சு நிற ரகம் ஈரத்தை இழுத்ததும் பச்சையாகும். ஓவனில் சுமார் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. வெறும் உலோகம் என்றால் 40 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். தோல், மரப்பிடி சேர்ந்த பொருளை அவ்வளவு காயவிட்டால் வெடிக்கும். அதற்கு 45 முதல் 50 வரை இருக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

எந்தச் சுவர்?

கடலைப் பார்த்த சுவர், சமையலறை, பாத்ரூம் பக்கச் சுவர் மூன்றும் வேண்டாம். ஜன்னல் வெயில் படும் இடமும் வேண்டாம். பதக்கத்தின் ரிப்பன் வெளுத்தால் திரும்ப வராது. துணிப் பொருள்களுக்கு அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள். அது நம் ஹால் டியூப்லைட் வெளிச்சத்தைவிடக் குறைவு. பெட்டிக்குள் பல்பு போடாதீர்கள், சூடாகும்.

உயரமும் முக்கியம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். தரையோடு வைத்திருந்த பீரோ, டிரங்குப் பெட்டி எல்லாம் என்ன ஆச்சுன்னு இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு மேல் மாட்டுங்கள்.

சுத்தம் செய்யலாமா?

மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளி, எலுமிச்சை, பாலிஷ் எல்லாமே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகத்தைச் சுரண்டி எடுக்கின்றன. நம் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. கையுறை போட்டுத் தொடுங்கள். வாளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. அது சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். வாளைத் தோல் உறைக்குள் போட்டு வைக்காமல் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பச்சைப் பொடி பூக்கிறது, துரு செதில் செதிலாக உதிர்கிறது என்றால் அருங்காட்சியகப் பாதுகாப்பு நிபுணரிடம் கேளுங்கள்.

பித்தளை ஷெல் உறைக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921-ல் விளக்கினார்கள். இன்று அதே அம்மோனியா பல கண்ணாடி கிளீனர்களில் இருக்கிறது. ஷோகேஸ் கண்ணாடியைத் துடைக்க ஈரத்துணியே போதும்.

சட்டமும் இருக்கு

பழைய துப்பாக்கி என்றால் அது சுடும் நிலையில் இருக்கிறதா, லைசென்ஸ் தேவையா என்பதைக் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். வாளுக்கும் அப்படியே. தோட்டா, ஷெல் எதுவும் வெடிக்காமல் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் தொடவே வேண்டாம், போலீஸுக்குச் சொல்லுங்கள். பாஞ்சாலங்குறிச்சி பக்கம் 1799-லும் 1801-லும் சண்டை நடந்த மண் இது. நிலத்தைத் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 100 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பவோ கொண்டுபோகவோ 1972-ம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது.

கடைசியாக ஒரு சீட்டு

பெட்டிக்குள் வைக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு விளிம்பில் இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து எடுத்தால் தேய்ந்த எழுத்தும் ஓரளவு தெரியும். யார், எந்த வருஷம், எந்தப் படை, இந்தத் தகவலை யார் சொன்னார்கள் என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி வையுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். வீட்டில் பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால், அந்தப் பொருளைப் பற்றி அவர்கள் சொல்வதை மொபைலில் பதிவு பண்ணி, ஒரு க்யூ.ஆர். கோடாகப் பெட்டி ஓரத்தில் ஒட்டுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். தாத்தா பதக்கத்தில் அழிந்துபோன எழுத்துகள் திரும்ப வராது. ஆனால் ஸ்கேன் பண்ணினால், ஆச்சி குரலில் அவர் பெயர் முழுசாகக் கேட்கும். இந்த வருஷப் போகிக்குப் பதக்கம் முற்றத்துக்கு வரவில்லை.