ராமையாவுக்கு ஒரு ரசிகர் பத்திரிகை

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு சுமார் 35 கிலோமீட்டர். செம்பட்டி வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் பிரயாணக் களைப்பே தெரியாது. அன்று எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜன்னலோரத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, மடியில் மல்லிகைப் பொட்டலத்துடன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். பி. பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடியது. பாட்டியும் கூடவே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எந்தப் படம் பாட்டி இது?" என்று கேட்டேன்.

"'போலீஸ்காரன் மகள்' தம்பி! எனக்குக் கல்யாணமான புதுசிலே பார்த்தது. எங்கப்பாவுக்கும் போலீஸ் உத்தியோகந்தான். படத்திலே அந்தத் தகப்பன் வந்து நின்னதும் எங்கப்பாவே வந்த மாதிரி இருந்துச்சு. இடைவேளையிலே வாங்கின முறுக்குகூடத் தொண்டையிலே இறங்கலை, போ!"

"கதை எழுதியவர் யார், தெரியுமா?"

"அதையெல்லாம் எங்களுக்கு யாரு சொன்னா?"

"பி. எஸ். ராமையா. உங்கள் வத்தலக்குண்டுக்காரர்தான்."

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அறுபது வருஷமா இந்த ஊரிலேதானே குடித்தனம் பண்றேன்? ஒருத்தர்கூடச் சொல்லலையே தம்பி!"

நேயர்களே, அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஒரு கலைஞரின் படத்தைப் பார்த்து அழுதவர்கள் இருக்கிறார்கள்; சிரித்தவர்கள் இருக்கிறார்கள். அவர் யார், என்ன செய்தார் என்று எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஒரு வழி உண்டு. ரசிகர்களே கூடி ஒரு பத்திரிகை ஆரம்பிப்பது!

யார் இந்த ராமையா?

1905-ல் வத்தலக்குண்டில் பிறந்தவர் ராமையா. 1933-ல் தொடங்கிய 'மணிக்கொடி', 1935-ல் சிறுகதைப் பத்திரிகையாக மாறியபோது அதன் ஆசிரியராக இருந்து நடத்தினார். புதுமைப்பித்தனும் மௌனியும் எழுதிய பத்திரிகை அது. பிறகு சினிமா உலகம் அவரை அழைத்துக்கொண்டது. ஜெமினியின் 'மதனகாமராஜன்' (1941) படத்துக்கு எழுதினார். 'தன அமராவதி' (1947) படத்தை டைரக்ட் செய்தார். இடையில் 1943-லேயே சினிமாவைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகமும் எழுதிவிட்டார். 'போலீஸ்காரன் மகள்' முதலில் அவர் எழுதிய நாடகம். எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் அதை மேடையேற்றியது. 1962-ல் ஸ்ரீதர் அதைப் படமாக்கினார். அதில் தகப்பனாக வந்தவரும் சகஸ்ரநாமமே. 1983-ல் ராமையா காலமானார்.

பத்திரிகை என்பது அந்த ஊர்த் தண்ணீரில் கலந்த சமாசாரம் போலிருக்கிறது! 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயரும் வத்தலக்குண்டுக்காரரே. 1896-ல் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கில மாத இதழுக்கு ஆசிரியராக இருந்து, 1898-ல் இருபத்தாறு வயதில் கண்ணை மூடிவிட்டார். மூன்றாமவர் சி. சு. செல்லப்பா. 'வாடிவாசல்' எழுதியவர், வத்தலக்குண்டில் வளர்ந்தவர். 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற பத்திரிகையை ஆரம்பித்து, 1970 வரை விடாப்பிடியாக நடத்தினார்.

இந்தச் செல்லப்பா, ராமையாவின் சிறுகதைகளை அக்கறையோடு படித்து, அவற்றின் பாணியை ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ரசிகர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! சிறுகதை ராமையாவுக்கு ஒரு செல்லப்பா கிடைத்தார். சினிமா ராமையாவுக்கு?

நகைப் பெட்டியின் கதை

'எழுத்து' நடந்த கதையில் நம் சகோதரிகள் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. பத்திரிகைச் செலவுக்காகச் செல்லப்பா தம் மனைவியின் நகைகளை விற்றார் என்பது இலக்கிய உலகம் அறிந்த செய்தி. தாம் வெளியிட்ட புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். அவருடைய தியாகத்தை எல்லோரும் புகழ்கிறோம், புகழ வேண்டியதுதான். ஆனால் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்த அந்த அம்மாளின் தியாகத்துக்கு எந்த இதழின் அட்டையில் பெயர் போட்டார்கள்?

ஆகவே முதல் விதி இது: ரசிகர் பத்திரிகைக்காக வளையலைக் கழற்றாதீர்கள்! இன்று அதற்கு அவசியமும் இல்லை. அச்சுக் கூலியும் காகித விலையும் பயமுறுத்தினால் இணையத்திலேயே இதழை வெளியிடலாம். செலவு சொற்பம். தேவைப்படுவது பொழுதும் பொறுமையும்தான்.

"சினிமாவுக்காக இவ்வளவு பாடா?" என்று வீட்டில் யாராவது கேட்டால், பாரிஸ் நகரத்துக் கதையைச் சொல்லுங்கள். 1951-ல் ஆந்த்ரே பஸான் முதலிய சில சினிமாப் பித்தர்கள் சேர்ந்து 'கையே து சினிமா' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார்கள். ஹிட்ச்காக் என்றால் திகில் படம் எடுத்துக் காசு சேர்ப்பவர் என்று பல பெரிய விமர்சகர்கள் ஒதுக்கிவைத்திருந்த காலம். இந்த இளைஞர்களோ, "இல்லை, இவர் பெரிய கலைஞர்" என்று வாதாடினார்கள். அவர்களில் ஒருவரான த்ரூஃபோ, 1962-ல் ஹிட்ச்காக்கை நேரில் கண்டு, நாள்கணக்கில் கேள்வி கேட்டு, 1966-ல் புத்தகமாகவே வெளியிட்டார். ரசிகர்கள் எழுதி எழுதித்தான் உலகத்தின் பார்வை மாறிற்று.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டு உதாரணமே போதும். முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', 1931-ல் வெளிவந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்து விளம்பரங்களும் பத்திரிகைக் குறிப்புகளும்தான் அதற்குச் சாட்சி. படச்சுருள் அழிந்துவிட்டது, எழுத்து நிலைத்திருக்கிறது.

எப்படி ஆரம்பிப்பது?

நாலு பேர் போதும். ஒருவருக்குப் படம் பார்ப்பதில் பைத்தியம், ஒருவருக்கு எழுதுவதில் ஆசை, ஒருவருக்குக் கணினி பழக்கம், ஒருவருக்குக் கணக்கில் கறார். இவ்வளவுதான் ஆசிரியர் குழு.

மாதம் ஓர் இதழ் என்று ஆரம்பத்திலேயே சபதம் செய்யாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் மூச்சு வாங்காது. ஓர் இதழுக்கு ஒரு படம். அதை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை ரசிகராக. இரண்டாம் தடவை கையில் நோட்டுப் புத்தகத்துடன். டைட்டிலில் வரும் அத்தனை பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பனை செய்தவரையும் துணி தைத்தவரையும் விட்டுவிடாதீர்கள். நாடகமாக இருந்தது படமானபோது என்ன மாறிற்று என்று ஒப்பிட்டாலே ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிடும்.

பிறகு வீட்டுப் பரணை இறக்குங்கள். தகரப் பெட்டியின் அடியில் பாட்டுப் புத்தகம் இருக்கலாம். பழைய கொட்டகை நோட்டீஸ் இருக்கலாம். அதைவிடப் பெரிய பொக்கிஷம் ஒன்று கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும். எந்தக் கொட்டகை, யாருடன் போனீர்கள், எந்த இடத்தில் அழுதீர்கள் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்கே கேளுங்கள், அடுத்த தீபாவளிக்கு என்று ஒத்திப்போடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி, படம் வெளியான ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் வரை அதன் உரிமை செல்லும். உரிமை உள்ளவர்களைக் கேட்காமல் பிறர் பொருளை எடுத்துப் போடக் கூடாது. எழுதியவர், நடித்தவர் பெயர்களைப் பிழையில்லாமல் போடுங்கள். புகழுவதோடு குறை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். வெறும் ஆரத்தி எடுப்பதற்குப் பத்திரிகை வேண்டாம். ஒரு தட்டும் கற்பூரமும் போதுமே!

பஸ் வத்தலக்குண்டுக்குள் நுழைந்தது. இதையெல்லாம் வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்த பாட்டி, பூப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைத்தவள், திரும்பினாள்.

"தம்பி, அப்படி ஒரு பத்திரிகை போட்டா, அதிலே எங்கப்பா பேரையும் ஒரு ஓரத்திலே போடுவீங்களா? அவரை நெனச்சுத்தானே அன்னிக்கு அழுதேன்!"

"ஓரத்தில் என்ன பாட்டி, முதல் பக்கத்திலேயே போடலாம்" என்றேன்.

படிக்கட்டில் இறங்கும்போது பாட்டி மறுபடியும் அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு போனாள்.